என் இடுப்பெலும்பிலிருந்து எடுத்தது

எனக்கு வயது அறுபத்து மூன்று. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. என் தங்கை பிரசவத்தில் போனபோது அவளுடைய இரண்டு பெண்களையும் நான்தான் தூக்கி வந்தேன். என் வீட்டுக்காரர் போன பிறகு திருப்புலிவனத்தில் எங்களுக்கு இருந்த நிலத்தை நானே நின்று பயிர் வைத்தேன். கூலிக்கு ஆள் வைத்ததை விட நான் குனிந்ததுதான் அதிகம். ஆறு பேருக்கும் கல்யாணம் செய்து வைத்தேன். இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மூன்றாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. எழுத்து கோணலாக இருக்கும். சென்னை ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டதால் எழுதுகிறேன். "உங்கள மாதிரி புள்ளைக்குக் கிட்னி குடுக்கப் போற அம்மாங்க இங்க வந்து பயந்து உக்காந்திருக்காங்க. நாங்க சொல்றத விட நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க" என்றார். நல்லதை மட்டும் எழுதவா, நடந்ததை எழுதவா என்று கேட்டேன். நடந்ததை எழுதுங்கள் என்றார்.

என் மூன்றாவது பிள்ளை ஏழுமலை. ஒரகடம் பக்கம் வண்டி பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் அவனுக்குச் செருப்பு ஏறவில்லை, கால் அப்படி வீங்கியிருந்தது. நின்றே வேலை செய்கிற பிள்ளை, அதனால்தான் என்று நானும் அவன் பெண்டாட்டி செல்வியும் வெந்நீர் ஊற்றினோம். பிறகு முகம் வீங்கியது. சாப்பிட்டது வயிற்றில் நிற்கவில்லை. காஞ்சிபுரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியாட்டினின் என்று ஒன்று சொன்னார்கள். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. தள்ள முடியாமல் ரத்தத்திலேயே தங்கிவிட்டால் அந்த எண் ஏறும். இவனுக்கு மிகவும் ஏறியிருந்தது. ரத்தக் கொதிப்பு பல வருஷமாக உள்ளே இருந்து இரண்டு சிறுநீரகத்தையும் சுருக்கிவிட்டது என்றார்கள். தலைவலி தலைவலி என்று இவன் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டானே, அது அந்தக் கொதிப்புதானாம்.

டயாலிசிஸ் வைத்தார்கள். ரத்தத்தை ஒரு குழாயில் வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, இன்னொரு குழாயில் உள்ளே விடுவது. செய்துகொண்டு வருகிற நாளில் பிழிந்து போட்ட துணி மாதிரி கிடப்பான். குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஒருவரும் அவன் எதிரில் தண்ணீர் குடிக்கவில்லை. அவனுடைய பெண் யாழினிகூட சொம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

இப்படியே ஓட்ட முடியாது, வேறு சிறுநீரகம் வைத்தால்தான் பிழைப்பான் என்றார்கள். சென்னைக்குப் போனோம். பெரியவனுக்குச் சர்க்கரை, அவனுடையது ஆகாது. பெண்களை அவர்கள் வீட்டுக்காரர்கள் விடவில்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செல்வியின் ரத்தம் சேரவில்லை. நான் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். என் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "வயசு கொஞ்சம் யோசிக்கணும்மா" என்றார்.

"என் வயசுக்கு இன்னா? காலையில எழுந்து நாலு மாட்டுக்குப் புல்லு அறுத்துப் போட்டுட்டுதான் பஸ் ஏறினேன். நீ ஒரு கட்டு அறுத்துக்கினு வா, அப்பால எனுக்கு வயசு சொல்லு."

அவர் சிரித்துவிட்டார். செல்வி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். எல்லாச் சோதனையும் செய்து பார்த்து, என் இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கிறது என்றுதான் அவர்களும் சொன்னார்கள்.

அந்தக் காத்திருக்கும் கூடத்தைப் பற்றி எழுதியாக வேண்டும். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் எக்ஸ்ரே, ரிப்போர்ட். சுவரில் எண் மாறுகிறதா என்று எல்லாருக்கும் கழுத்து ஒரே பக்கம் திரும்பியிருக்கும். நேற்று வரை எதிரில் உட்கார்ந்து பேசியவர் இன்று வரவில்லை என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அங்கே பயம் அழுகையாக வராது. எல்லாரும் பஸ் நேரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். காப்பீட்டு அட்டை கொஞ்சத்துக்கு ஆயிற்று. மீதிக்கு மேட்டு நிலம் போயிற்று. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு வைத்து ஒன்று சொன்னார். வேறு ஆள் உறுப்பை வைத்தால் உடம்பு அதை அந்நியம் என்று எதிர்க்கும். எதிர்க்காமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அமுக்கி வைப்பதால் சளி வந்தால்கூட ஆபத்து. அதற்குப் பதிலாக இங்கே ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. கொடுக்கிறவர் இடுப்பெலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல், அதாவது குருத்தணு, எடுத்து வாங்குகிறவர் ரத்தத்தில் விடுவார்கள். ரத்தத்தில் இருக்கிற எல்லாம் அந்தக் குருத்தணுவிலிருந்துதான் உண்டாகிறதாம். அம்மாவின் குருத்தணு பிள்ளை உடம்பில் தங்கிவிட்டால், அம்மாவின் சிறுநீரகத்தை உடம்பு அந்நியமாக நினைக்காது, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

எனக்கு உடனே புரிந்தது. கன்று செத்துப்போன மாட்டிடம் வேறு கன்றை விட்டால் உதைக்கும். செத்த கன்றின் தோலை இந்தக் கன்று மேல் போர்த்தி விட்டால் மோந்து பார்த்துவிட்டுப் பால் விடும். "அந்த வாசனைய புடிக்க வெக்கறீங்க, அதான?" என்று கேட்டேன். டாக்டரம்மா, "அதேதாம்மா" என்றார்.

பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், கெடுதலும் வரலாம் என்றார். வரக்கூடிய கெடுதல்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். வேண்டாம் என்றால் வழக்கமான ஆபரேஷன் மட்டும் செய்கிறோம், கட்டாயம் இல்லை என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். டயாலிசிஸ் படுக்கையைப் பார்த்தவர்களுக்கு வேறு எந்தப் பயமும் பயமாகத் தெரியாது. கைநாட்டு மையை நீட்டினார்கள். நான் பேனா கேட்டு வாங்கி முனியம்மா என்று எழுதினேன்.

முதலில் எலும்பில் ஊசி. மயக்கம் கொடுத்துத்தான் எடுத்தார்கள். விழித்த பிறகு இடுப்பில் யாரோ உதைத்த மாதிரி வலி. நர்ஸ் பெண் ஒருத்தி, "பாட்டி, அப்படியே ஒருக்களிச்சுப் படுங்க" என்றாள்.

"எனுக்குப் பேரு கீது. முனியம்மா. பாட்டின்னு உங்க வூட்ல போயி கூப்புடு" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த வார்டில் எல்லாரும் என்னை முனியம்மா மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். கிண்டல்தான். இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது.

ஏழுமலைக்குக் கொஞ்சம் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்து உடம்பைத் தயார் செய்தார்கள். பிறகு என்னிடம் எடுத்தது ஒரு சின்னப் பையில், மங்கலான சிவப்பாக, சொட்டுச் சொட்டாக அவன் கைக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு என் இடது சிறுநீரகம். அது போய்ச் சேர்ந்த அன்றே சிறுநீர் இறங்கியது. பை நிறைந்ததைச் செல்வி ஓடி வந்து என் படுக்கையில் சொன்னாள். அவளும் நானும் அதுவரை ஒருவர் கையை ஒருவர் பிடித்ததில்லை. அன்றைக்குப் பிடித்துக்கொண்டோம்.

ஊருக்கு வந்தோம். தனி அறை, வெள்ளை அடித்து, காய்ச்சிய தண்ணீர், முகத்தில் மாஸ்க். கோயில் பிரசாதம்கூட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நான் என் வயிற்றுத் தையலைக் காட்டினேன். செல்வி தன் அம்மாவிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது: "எங்கத்த குடுத்தத காட்டாத வூடு இந்த ஊர்ல ஒண்ணு பாக்கி கீதும்மா, அந்த நாயுடு வூடு. அவங்க ஊருக்குப் போயிக்கீறாங்க." நான் அதற்காக நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவை சென்னை போய் வரும்போதும் ஒரு மாத்திரை குறைந்தது. கிரியாட்டினின் இறங்கியது. பயிர் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மார்கழியில் அவனுடைய உள்ளங்கை சிவந்தது. மருதாணி வைத்த மாதிரி. பிறகு காதுக்குப் பின்னால், கழுத்து, முதுகு. எரிகிறது என்றான். சட்டை பட்டால் துடித்தான். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: அக்கி. எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் டாக்டரிடம் போவதில்லை. குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொள்வோம். காவிக் கல்லை இழைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தின் மேல் சிங்கம் மாதிரி ஒரு உருவம் எழுதுவார்கள். காவி தானாக உதிரும் வரை தண்ணீர் படக் கூடாது. எண்ணெய் ஆகாது, மீன் ஆகாது. என் ஆறு பிள்ளைகளில் மூன்று பேருக்கு எழுதியிருக்கிறது, மூன்று பேருக்கும் நின்றது.

செல்வி மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போன் போடட்டுமா என்று கேட்டாள். ஏழுமலை விடவில்லை.

"போனா பெட்ல போட்டுடுவாங்க. மறுபடியும் ஊசி, மறுபடியும் அந்த வார்டு. அக்கிதான, எழுதிக்கினு வந்துடறேன். ஒரு வாரம் கழிச்சி செக்கப்புக்குப் போலாம்."

மானாம்பதிக்குப் போய் எழுதிக்கொண்டு வந்தான். குயவர் அவன் முதுகைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, இவ்ளோ எடத்துக்கும் எழுதணும்னா நான் மலைய ஒடச்சி காவி எடுத்தாரணும் போல கீது" என்றாராம். வெற்றிலை பாக்கு மட்டும்தான் வாங்கிக்கொண்டார். அன்று மாலை ஏழுமலை இதைச் சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

காவி உதிரவில்லை. அதற்குள் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. பத்தியச் சாப்பாடு, அதனால் வயிறு கலைந்திருக்கிறது என்றோம். பிறகு கண் மஞ்சளானது. செல்வி யாரையும் கேட்காமல் வண்டிக்குச் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன இது, பெயிண்ட்டா?" என்று கேட்டார்.

"காவி. அக்கிக்கு எழுதினது. எங்க பக்கத்துல அதான் வைத்தியம்" என்றேன். தலையைக் குனிந்து சொல்லவில்லை.

அவர் திட்டவில்லை. அடியில் இருக்கிற தோலைப் பார்க்க வேண்டும் என்று பஞ்சை நனைத்துத் தானே துடைத்தார். ஓரிடத்தில் காவியோடு தோலும் சேர்ந்து வந்தது. ஏழுமலை கத்தவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். பிறகு தோலில் கடுகளவு வெட்டி எடுத்தார்கள். பயாப்சி என்பார்கள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் என்ன வியாதி என்று தெரியும்.

தெரிந்த அன்று என்னையும் செல்வியையும் மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். ஜி.வி.எச்.டி. என்று ஒரு பெயர் சொன்னார். கொடுத்தவருடைய செல்கள் வாங்கினவர் உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அந்த உடம்பையே அந்நியம் என்று தாக்குவது. தோலைத் தாக்கும், குடலைத் தாக்கும், ஈரலைத் தாக்கும். "ஆரம்பத்துல இப்படி வரலாம்னு சொன்னோமே, அதுல ஒண்ணு இது" என்றார்.

"என்னுதா?" என்று கேட்டேன்.

"உங்க தப்பு இல்லம்மா."

"தப்பு யாருதுன்னு நான் கேக்கல. அவன கடிக்கறது என்னுதா?"

ஆமாம் என்று தலையை அசைத்தார். தோல் போர்த்தி விட்ட கன்று மாட்டையே முட்டிவிட்டது. எனக்கு அப்படித்தான் புரிந்தது.

நான் முன்னால் வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்தேன், செல்வி பின்னால் வந்து உட்கார்ந்தாள். செல்வி இப்போது ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்கும் பதிலுக்குச் சொல்ல வார்த்தை இருந்தது. அவள் என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

"அவருகிட்ட சொல்லாத அத்த."

"இன்னாத்த?"

"உன்னுதுதான் இப்படி பண்ணுதுன்னு. தெரிஞ்சா படுத்துக்குவாரு. அம்மா குடுத்ததே ஒத்துக்கலன்னா நான் இன்னாத்துக்குப் பொழைக்கணும்னு கேப்பாரு. நீ எழுந்து வெளிய வந்த அப்பால டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். அவரா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன், கேக்கலன்னா இப்போதைக்குச் சொல்லலன்னாங்க."

அவன் கேட்கவே இல்லை. காரணம் எது என்பதை அவனே முடிவு செய்து வைத்திருந்தான்.

அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, குணம் மாறியது. இட்லியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு, பிறகு செல்வி புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதான். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. துணி மாற்றுகிறபோது என்னை வெளியே போகச் சொல்வான். அவன் பிறந்ததிலிருந்து நான்தான் மாற்றினேன் என்பது அவனுக்கு அப்போது ஞாபகம் வராது.

மருந்து போதவில்லை என்றதும் டாக்டரம்மா இன்னொன்று சொன்னார். சண்டையை அடக்குகிற வேறு வகைக் குருத்தணு இருக்கிறது. அதையும் எலும்பு மஜ்ஜையிலிருந்துதான் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, உறைய வைத்திருப்பார்கள். அதுவும் உறுதி சொல்ல முடியாத வைத்தியம்தான்.

"என்னுது எடுத்துக்க. இன்னொரு பக்கத்து இடுப்புல எடு" என்றேன்.

"வேணாம்மா. ஒரு கிட்னியோட இருக்கீங்க. வளர்க்கவும் நாளாகும், அவருக்கு நாள் இல்ல. வேற ஒருத்தர் குடுத்தது தயாரா இருக்கு."

"யாரு?"

"அது எனக்கே தெரியாது."

உள்ளே கொண்டுபோகும்போது பார்த்தேன், அந்தப் பையும் சின்னப் பைதான். தண்ணீர் மாதிரி, கொஞ்சம் கலங்கலாக இருந்தது. அது இறங்குகிறபோது நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன், உள்ளே போகவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, ஆணோ பெண்ணோ, கொடுத்துவிட்டு ஊசி குத்திய தடத்தைக்கூட யாரிடமும் காட்டாமல் போயிருக்கிறார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் நன்றி வரவில்லை. பொறாமைதான் வந்தது.

மறுபடியும் மறுபடியும் ஏற்றினார்கள். மெல்ல மெல்ல வயிற்றுப்போக்கு குறைந்தது. கண்ணில் மஞ்சள் இறங்கியது. முதுகுத் தோல் உரிந்து புதிதாக, பளபளவென்று, குழந்தைத் தோல் மாதிரி வந்தது. என் சிறுநீரகம் வேலை செய்கிறது, முன்னளவுக்கு இல்லை. குறைக்கலாம் என்ற மாத்திரைகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன, கூடவே வேறு சிலவும். எதிலிருந்து தப்பிக்க இதைச் செய்தோமோ அதிலேயே வந்து நிற்கிறோம். டாக்டரம்மாவும் இதை மறைக்கவில்லை. இப்போதைக்கு அடங்கியிருக்கிறது, மறுபடியும் தலைதூக்கலாம், வராமலும் இருக்கலாம் என்றார்.

கொடுக்கப் போகிற அம்மாக்களுக்கு நான் சொல்வது இதுதான். கொடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், கொடுக்காதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். டாக்டர் கெடுதல்களைச் சொல்லும்போது தலையாட்டாதீர்கள். ஒவ்வொன்றும் வந்தால் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். உள்ளங்கை சிவந்தாலும், காதுக்குப் பின்னால் சிவந்தாலும், வயிறு போனாலும், அதன் மேல் எதையும் பூசாமல் அன்றைக்கே வண்டி ஏறுங்கள். முன்னாலேயே வந்திருந்தால் இத்தனை பாடு பட்டிருக்க மாட்டான் என்றார் டாக்டரம்மா. ஆனால் வியாதி காவியால் வந்ததில்லை, எழுதாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்பதையும் அவரே சொன்னார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். டாக்டரம்மா கேட்டது இவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குத் திரும்பி வந்த ஏழுமலை பத்து நாளாக மாத்திரை போட்டுக்கொள்ளத் தகராறு செய்கிறான். செல்வி கெஞ்சினால் ஒன்று போடுகிறான், இரண்டைத் தலையணைக்கு அடியில் தள்ளுகிறான். அடுத்த செக்கப்புக்கு வர மாட்டேன் என்கிறான். நேற்று நான் கஞ்சி கொண்டுபோனபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்:

"நான் மானாம்பதிக்குப் போவாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இதெல்லாம் வந்திருக்காதும்மா. உன் வயித்த அறுத்துக் குடுத்த. நான் காவிய பூசிக்கினு பாழாக்கிட்டேன். இனிமே எதுக்கு எனுக்கு மருந்து?"

கஞ்சியைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கொடுத்ததை இந்த ஊர் முழுக்கப் போய்ச் சொன்ன வாய், இதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செல்வியிடம் போய் நின்றேன்.

"அவனுக்குத் தெரியணும்" என்றேன்.

"ஒடஞ்சி பூடுவாரு அத்த."

"இப்ப மட்டும் இன்னா, ஒடையாமயா கீறான்? தன்னாலதான்னு நெனச்சிக்கினு மாத்திரைய தள்றான். என்னாலன்னு தெரிஞ்சா என் மேல கோவப்படட்டும். கோவப்பட்டாவது முழுங்கட்டும்."

அவள் கை நின்றது. "நீ சொல்லிடுவியா? உன் வாயால?"

"நான் சொல்லல. எழுதிக்கீறேன். யாழினி படிப்பா."

செல்வி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "அப்போ அவரு சாப்பிட்ட அப்பால படிக்கச் சொல்லு. வெறும் வயித்துல வேணாம்" என்றாள்.

யாழினி, கண்ணு, இதோ முடித்துவிட்டேன். உன் அப்பன் சாப்பிட்டுவிட்டான். இதை எடுத்துக்கொண்டு போய் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து படி. எழுத்துப் பிழை இருந்தால் நிறுத்தாதே, அது என்ன வார்த்தை என்று அவனுக்கே தெரியும். என்னுதா என்று நான் டாக்டரம்மாவைக் கேட்ட இடம் வரும்போது வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டாதே. நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் இருப்பேன். எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி.